துரைக்கு ஒரு துணை

“வாயைத் திறக்கச் சொல்லுங்க” என்றார் தரகர்.

எதிரே நின்ற முடிதிருத்துநர் தம் வாயைத் திறந்தார்.

“உங்க வாய் எனக்கு எதுக்குங்க? மீனோட வாயைக் காட்டுங்க.”

முடிதிருத்துநர் அசடு வழியச் சிரித்துவிட்டு, கைப்பேசியில் எடுத்து வந்திருந்த காட்சியை ஓடவிட்டார். முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்கு நடுவே இருந்த ஒரு தொட்டியில், கறுத்துப் பருத்த ஆஸ்கர் மீன் தீனிக்காக வாய் பிளந்தது. அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார் தரகர். மீனின் கண்ணையும் வாயையும் மாறி மாறிப் பார்த்துக் கணக்குப் போட்டு, தம் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து ஒரு வளையம் செய்தார். அவ்வளையத்தைக் கலைக்காமல் எழுந்து சுவரோரத் தொட்டிகளின் முன்னால் நடந்தார். நீந்தும் ஒவ்வொரு மீனுக்கும் நேராக அதைப் பிடித்துப் பார்த்தார். உள்ளே அடங்கிய மீன்களை எல்லாம் உதட்டைப் பிதுக்கி ஒதுக்கினார்.

“வாய்க்குள்ள போறது எதுவும் துணை இல்லை, தீனி. அப்புறம், உங்க ஆளு எந்த மூலையில படுக்குறார்?”

“எங்க ஆளா? அவ ஊருக்குப் போயிருக்கா.”

“மீனைக் கேட்டேங்க.”

“ஓ, அதுவா! இடது பக்கம் ஒரு பெரிய கல்லு இருக்கு. அது பின்னாடி. வேற யாரையும் அண்ட விடாது. போன மாசம் ஒண்ணைக் கொண்டு போய் விட்டேன். காலையில வாலு மட்டும் மிதந்துச்சு.”

“எங்க வாங்கினீங்க?”

“இங்க இல்லீங்க, பின்தெருக் கடையில.”

“அதானே பார்த்தேன்” என்றார் தரகர். செத்த மீனுக்காக வருந்த வேண்டிய முகத்தில், பின்தெருக் கடையின் மீன் செத்தது என்கிற நிம்மதி ஒரு கணம் மின்னி மறைந்தது.

மீன் விற்பவர் பலருக்கு, வாங்கியவர் படியிறங்கியதும் வேலை முடிந்துவிடும். இவருக்கு அங்கேதான் கவலை தொடங்கும். தொட்டியின் நீளம் என்ன, அதில் ஏற்கெனவே இருப்பவர் யார், எவ்வளவு காலமாக இருக்கிறார், முன்கோபியா, சோம்பேறியா, விளக்கணைந்த பிறகு உலாவுகிறவரா என்றெல்லாம் விசாரிப்பார். பதில் நிறைவு தராவிட்டால், கையில் எடுத்த வலையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, “இந்தச் சம்பந்தம் ஒத்து வராதுங்க” என்று அனுப்பிவிடுவார். சண்டைக்கார மீன்களுக்கு வரன் பார்க்கிறவர் என்று யாரோ தொடங்கிவைத்த கேலி, தரகர் என்னும் பெயராக நிலைத்துவிட்டது. கடைப் பலகையில் எழுதியிருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

ஒல்லியான மனிதர். வலக்கைச் சட்டை தோள்வரை சுருட்டப்பட்டிருக்கும். இடக்கைச் சட்டைக்குப் பொத்தான் போட்டிருப்பார். எந்நேரமும் நீருக்குள் இருக்கும் வலக்கை வெளுத்து, இடக்கை வேறொருவரிடம் இரவல் வாங்கியதுபோல் கறுத்திருக்கும். மீனை நோக்கி விரல் நீட்ட மாட்டார், மோவாயால்தான் சுட்டுவார். “நம்மள ஒருத்தர் விரல் நீட்டிப் பேசினா நமக்குப் பிடிக்குமா?” என்பார். கடையை மூடும்போது மரச்சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டி, “அணைக்கப் போறேன்” என்று தொட்டிகளுக்கு அறிவித்த பிறகே விளக்கை அணைப்பார்.

அவருடைய தொழிலின் சாரம் ஒரே ஒரு கேள்வியில் இருந்தது. மீன் செத்தது, செதில் உரிந்தது, கண் போயிற்று என்று புலம்பிக்கொண்டு வருபவர் யாராயினும் முதலில் இதைத்தான் கேட்பார்: “கல்லை மாத்தினீங்களா?”

பழைய மீன் ஒன்று ஆண்டு அனுபவிக்கும் தொட்டியில் புதிய மீனை விடுவதானால், முதலில் பழையதை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது அவர் கட்டளை. இரண்டையும் வெவ்வேறு வாளியில் விட்டு, ஈரத்துணியால் மூடிவைக்க வேண்டும். உள்ளிருக்கும் கல், கட்டை, செடி எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டும். அதன் பிறகு இரண்டு வாளிகளையும் ஒரே நேரத்தில் கவிழ்க்க வேண்டும். “பழைய வீட்டுக்குப் புது ஆளைக் கூட்டிட்டு வராதீங்க. வீட்டையே புதுசாக்குங்க. ரெண்டு பேரும் சேர்ந்து உள்ள போகணும். ஒருத்தர் முந்திட்டா அவர் வீட்டுக்காரர், பின்னால வர்றவர் விருந்தாளி. விருந்தாளியை எத்தனை நாளைக்குப் பொறுத்துப்பாங்க?” இதை வாயால் சொன்னால் செய்யமாட்டார்கள் என்று தெரிந்து, பலர் வீட்டுக்குத் தாமே போய்க் கையைவிட்டுக் கல் மாற்றிக் கொடுத்து வருவார்.

ஊரார் மீன்களுக்கெல்லாம் துணை தேடிய மனிதர், தம் மீனை மட்டும் தனியே வைத்திருந்தார். கடையின் உள்கோடியில் இருந்த பெரிய தொட்டி துரையுடையது. துரையும் ஆஸ்கர்தான். கரிய உடலில் தணல் பூத்தாற்போல் செம்மை படர்ந்த பெரிய மீன். ஒரு கருங்கற்பலகையைக் கட்டையின் மேல் சாய்த்து அதற்கொரு மூலை அமைத்துக் கொடுத்திருந்தார் தரகர். அம்மூலைக்கு நேர் எதிரே அவருடைய நாற்காலி. ஆண்டுக்கணக்காக ஒரே இடத்தில் கிடந்ததால் அதன் நான்கு கால்களும் சிமெண்டுத் தரையில் குழி பறித்திருந்தன. அவர் அமர்ந்ததும் துரை மூலையை விட்டு வந்து கண்ணாடியில் நெற்றியை முட்டும். விலைக்குக் கேட்டவர்களிடம், “துரை விக்கிறதுக்கு இல்லை” என்பார். ஏன் இதற்குத் துணை இல்லை என்று கேட்டவர்களிடம், “அதான் நான் இருக்கேனே” என்பார்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் அவர் மனைவி வந்து சேர்ந்தார்.

அந்த அம்மாள் பெண்கள் விடுதி ஒன்றில் காப்பாளராக இருந்தவர். வாரம் முழுவதும் விடுதியிலேயே தங்கி, ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருவார். திருமணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். விடுதிக் கட்டடத்தை இடிக்கத் தீர்மானித்துப் பெண்களை வேறிடங்களுக்குப் பிரித்து அனுப்பியதும், ஒரு பெட்டியும் ஒரு குடையுமாக வீடு வந்து சேர்ந்தார். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கடைக்கும் வரத் தொடங்கினார். கதவோரத்தில் ஒரு சிறு மேஜையைப் போட்டு, “தொலைபேசி வந்தா எடு, போதும்” என்றார் தரகர்.

தொலைபேசி அவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தது. ஒருமுறை அவரே எடுத்தபோது ஒரு பெண் குரல், “அம்மா இருக்காங்களா?” என்றது.

“அம்மா இல்லை. அப்பாதான் இருக்கேன்” என்றார் தரகர்.

“சரிங்க, அம்மா வந்ததும் கூப்பிடுறேன்” என்று தொடர்பு துண்டிக்கப்பட்டது. மீன் விஷயமா, வேறு விஷயமா என்றுகூடச் சொல்லவில்லை. அன்று முழுவதும் அவருக்குத் தேநீர் கசந்தது.

பிறகு பல் மருத்துவர் வந்தார். அவருடைய நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஆளுயர நீளத்தில் ஒரு தொட்டி உண்டு. நெற்றி புடைத்த ஃப்ளவர்ஹார்ன் மீன் ஒன்று அதில் குடியிருந்தது. தரகர் பார்த்துப் பார்த்துக் கொடுத்த துணைகளை எல்லாம் அது துரத்தித் துரத்திக் கொன்றுவிட்டது. கல் மாற்றியும் பயனில்லை. “இது தனிக்கட்டை டாக்டர். இதுக்குச் சம்பந்தமே கிடையாது” என்று தரகர் கைகழுவியபோது, கதவோர மேஜையிலிருந்து குரல் வந்தது.

“ஒத்தையா ஒண்ணை விட்டீங்கன்னா அதையேதான் துரத்தும். ஒரு கூட்டத்தை விட்டுப் பாருங்களேன் டாக்டர். எங்க விடுதியில ஒரு பொண்ணு இருந்தா. யாரோட போட்டாலும் சண்டை. கடைசியில பெரிய அறையில கும்பலோட போட்டேன். யார்கூடச் சண்டை போடறதுன்னு தெரியாம அவளே களைச்சுப் போயிட்டா.”

பல் மருத்துவர் பல் தெரியச் சிரித்தார். தரகர் சிரிக்கவில்லை. “விடுதி வேற, தொட்டி வேற” என்றார். ஆனால் மருத்துவர் அந்த அம்மாளின் பேச்சைக் கேட்டு, வாய்க்குள் அடங்காத அளவில் வேகமாக ஓடக்கூடிய சில்வர் டாலர் மீன்களை ஒரு கூட்டமாக வாங்கிப் போனார். “ஒரு வாரம் தாங்காது” என்றார் தரகர். அந்த வாரம் கழிந்ததும், “மாசம் போகட்டும்” என்றார். மாதமும் கழிந்தது. மருத்துவர் கடைவாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளே வராமலேயே, “வார்டனம்மா, எல்லாம் ஜோரா இருக்கு! ஒரு வாலுகூடக் கிழியலை!” என்று கூவிவிட்டுப் போனார். தரகர் அப்போது கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே வெகுநேரம் துடைத்தார்.

இவற்றையாவது பொறுத்திருப்பார். துரையின் நடத்தையைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த அம்மாள் தீனி போட்டதில்லை. தொட்டிக்குள் கைவிட்டதும் இல்லை. போகிற வருகிற வழியில் கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்து இரண்டு வார்த்தை பேசுவார், அவ்வளவுதான். “என்னடா கண்ணு, மூஞ்சி வாடிக் கிடக்கு? ராத்திரி தூங்கலையா?” என்பார். துரை கல்லை விட்டு வந்து அந்தக் கைக்கு நேராக உடலைச் சாய்த்து நிற்கும். அவர் கதவோரம் போனால், கண்ணாடியின் அந்தக் கோடிக்கு நகர்ந்து அங்கேயே பார்த்திருக்கும். நாற்காலியில் அமர்ந்திருக்கும் தரகருக்கு அதன் வால் மட்டும் தெரியும்.

“எல்லா மீனும் பசிக்குத்தான் வரும்” என்றார் ஒருநாள்.

“நான்தான் ஒண்ணும் போடறது இல்லையே” என்றார் அந்த அம்மாள், இயல்பாக.

அந்த இயல்புதான் அவரைச் சுட்டது. அதோடு இன்னொன்றும் சுட்டது. மீனிடம் பேசுகிற அந்தக் குரலை அவர் தம் வீட்டில் கேட்டதில்லை. போன வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது, “மாத்திரை போட்டீங்களா? தண்ணி குடிச்சீங்களா?” என்று கேட்டது காப்பாளர் குரல். மீனுக்கு மட்டும் ‘கண்ணு’. தம் மீனைப் பறித்துக்கொண்ட மனைவிமேல் பொறாமையா, மனைவியின் குரலைப் பறித்துக்கொண்ட மீன்மேல் பொறாமையா என்று அவருக்கே பிரித்தறிய முடியவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. மாலைதோறும் கண்ணாடியில் பதிந்திருக்கும் அந்த உள்ளங்கைத் தடத்தை, விளக்கை அணைக்குமுன் துணியால் அழுத்தித் துடைப்பது அவர் வழக்கமாயிற்று. காலையில் அது மறுபடி அங்கே இருக்கும்.

ஒரு மாலை, மனைவி முன்னதாக வீட்டுக்குப் போன பிறகு, அவர் ஒரு முடிவுக்கு வந்தார். துரைக்குத் துணை வந்துவிட்டால் அது கதவோரம் பார்க்காது. தொட்டிக்குள்ளேயே அதற்கு வேலை இருக்கும். அன்று வந்த சரக்கில் துரையின் அளவிலேயே ஓர் ஆஸ்கர் இருந்தது. விரல் வளையத்தால் அளந்தார். வாய்க்கு வாய் சரி, உடலுக்கு உடல் சரி. துரையை வெளியே எடுக்க வலையைக் கையில் எடுத்தார். துரை கல்லுக்குப் பின்னால் ஒதுங்கவே, முதலில் கல்லை நகர்த்துவதற்காக வலக்கையை நீருக்குள் விட்டுக் கருங்கற்பலகையைப் பற்றினார்.

பற்றிய கை அப்படியே நின்றது.

இந்தக் கல் நகர்ந்தால் இந்த மூலை இருக்காது. துரை தனக்கு வேறொரு மூலை தேடிக்கொள்ளும். அது நாற்காலிக்கு எதிரே அமையும் என்பது என்ன நிச்சயம்? கதவோரக் கோடியிலேயே நிரந்தரமாகக் குடியேறிவிட்டால்? இப்போதாவது துரை படுக்கும் இடம் அவருடையது. அதையும் தம் கையாலேயே கலைத்துவிடுவதா?

கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டார். ‘அளவு சரியாத்தானே இருக்கு’ என்று, முன்பு எத்தனையோ பேர் அவரிடம் சொன்னதைத் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். வாளியைச் சாய்த்தார். புதிய மீன் உள்ளே நழுவியது. மரச்சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டாமலே விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

காலையில் இருவருமாகத்தான் கடையைத் திறந்தார்கள். தொட்டியைச் சுற்றித் தரை நனைந்திருந்தது. மூடி ஒருபுறம் விலகிக் கிடந்தது. புதிய மீன் வடிகட்டிக் குழாயின் பின்னால் தலைகீழாகச் செருகி நின்றது. அதன் துடுப்புகள் நார் நாராய்க் கிழிந்திருந்தன. துரையின் கீழுதடு பிய்ந்து வெளுத்துத் தொங்கியது. ஒரு கண்ணில் பால்போல் வெண்மை படர்ந்திருந்தது. அந்நிலையிலும் அது தன் மூலையை விடவில்லை. கருங்கல்லில் விலாவை அழுத்திக்கொண்டு, யாரும் அமராத நாற்காலியைப் பார்த்தபடி காவல் நின்றது.

தரகருக்குக் கால் ஓடவில்லை. அந்த அம்மாளுக்கு ஓடியது.

“வாளி” என்றார். தரகர் எடுத்துக் கொடுத்தார். “இன்னொண்ணு. உப்பு எங்க?” அதுவும் வந்தது. ஈரத்துணியால் பொதிந்து இரண்டையும் பிரித்து எடுத்து, தனித்தனிச் சிறு தொட்டிகளில் உப்பு கரைத்து விட்டார்கள். காற்றுக்குழாயைச் செருகினார்கள். துரை பக்கவாட்டில் சரிந்து, பின் மெல்ல நிமிர்ந்தது. அது நிமிர்ந்த பிறகே அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தார்.

“கல்லை மாத்தினீங்களா?”

அந்தக் கேள்வியைத் தரகர் ஊரெல்லாம் கேட்டிருக்கிறார். அவரிடம் அதை யாரும் கேட்டதில்லை.

“அளவு சரியாத்தான் இருந்துச்சு. வாயும் வாயும்...”

“நான் கேட்டது கல்லை.”

“மாத்தலை.”

“ஏன்?”

அவர் கண் நாற்காலிக்குப் போய்த் திரும்பியது. அந்த அம்மாளின் பார்வையும் கூடவே போயிற்று. நாற்காலி, அதற்கு நேரே கருங்கல், எதிர்க்கோடியில் தம் மேஜை. ஒரு விடுதி நிறையப் பெண்களை மேய்த்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

“நாற்காலிக்காகவா? கல்லை எடுத்தா மீன் என் பக்கம் வந்துடும்னா?”

“இப்ப மட்டும் என்னவாம்? வந்துதான் இருக்கு.” தரகரின் குரல் உடைந்து, உடைந்த வேகத்தில் உயர்ந்தது. “தீனி நான் போடறேன். தண்ணி நான் மாத்தறேன். நீ கையை வெச்சுக் கண்ணுங்கறே, அது ஓடி வருது. நான் காய்ச்சல்ல கிடந்தேனே, என்னை ஒரு கண்ணு சொன்னியா?”

சொன்ன பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கழுத்துவரை சிவந்துவிட்டார். அந்த அம்மாள் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

“எங்க உட்கார்ந்து சொல்றது?” என்றார் அந்த அம்மாள், தாழ்ந்த குரலில். “வந்த அன்னிக்கே கதவோரம் ஒரு மேஜை போட்டீங்க. மழை பெஞ்சா சாரல் என் கால்லதான் விழுது. வீட்டுலயும் அலமாரியில கீழ்த்தட்டு. மேல் தட்டு ரெண்டுலயும் உங்க பழைய குழாயும் வலையும். என் பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கு, பார்த்தீங்களா? சரி, பின்னால வந்தவ, இருக்கற இடத்துல இருந்துக்கலாம்னு விட்டுட்டேன். மீன்தான் இங்க என்னை யாருன்னு கேட்காம வந்து நின்னுச்சு.”

சொல்லிவிட்டு உப்புப் பொட்டலத்தை மடித்து வைக்கப் போனார். தரகர் காலியான பெரிய தொட்டியின் முன்னால் நின்றார். காற்றுக்குமிழ்கள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தன. திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

“நீ கொஞ்சம் வெளியே நில்லு.”

“எதுக்கு?”

“நில்லேன்.”

அந்த அம்மாள் குடையை எடுத்து விரித்துக்கொண்டு போய்த் தெருவில் நின்றார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே தண்ணீர் சலசலத்தது. கல்லோடு கல் உரசியது. பிறகு தரையில் எதையோ இழுக்கும் ஓசை, அதைவிடக் கனமான எதையோ இழுக்கும் ஓசை, “அம்மாடி” என்று ஒரு முனகல்.

தம் மீனுக்கான துணையை வாங்கிப்போக வந்த முடிதிருத்துநர், படியருகே நின்றார். “என்னம்மா வெளியே நிக்கிறீங்க? உள்ள என்ன சத்தம்?”

“எனக்கும் தெரியலை. கல்லை மாத்துறார் போல.”

“கல்லா? வண்டிக்கணக்குல இருக்கும் போலயே!”

கதவு திறந்தது. தரகர் வாசலில் வந்து நின்றார். அன்று இரண்டு கைச் சட்டையும் தோள்வரை சுருட்டப்பட்டு, இரண்டு கையும் நனைந்திருந்தன. அவருக்குப் பின்னால், கதவோரத்தில் மேஜை இருந்த இடமும் உள்கோடியில் நாற்காலி இருந்த இடமும் வெறுமையாகத் தெரிந்தன. தரையின் நான்கு குழிகளிலும் தண்ணீர் தேங்கியிருந்தது.

முடிதிருத்துநர் உள்ளே நுழையக் காலெடுத்தார். தரகர் ஈரக்கையை நீட்டி அவரை மறித்தார். “நீங்க அப்புறம்.”

பிறகு தாமும் படியிறங்கித் தெருவுக்கு வந்தார். மனைவியின் பக்கத்தில், உள்ளே பார்த்தபடி நின்றார். அந்த அம்மாள் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியில் வைப்பதற்காகக் காலைத் தூக்கினார். தரகர் அந்தக் காலையே பார்த்திருந்து, அது படியைத் தொடும் அதே கணத்தில் தம் காலையும் வைத்தார்.